நனைந்த பலகை நீளவில்லையே, ஏன்?

மழைக்காலம் முடிந்த கையோடு பழவேற்காடு ஏரியை ஒட்டிய லைட்ஹவுஸ் குப்பத்துத் தெருவில் நடந்தால், வீட்டுக்கு வெளியே சாய்த்துவைத்த பழைய சாமான் ஏதாவது கண்ணில் படும். கால் ஒடிந்த படிப்பு மேசை, டிவி வைத்திருந்த ஸ்டாண்டு, கதவு கழன்ற அலமாரி. மேலே தேக்குமரக் கோடுகள் அச்சடித்த பளபளப்பான தாள் ஒட்டியிருக்கும். கீழ்ப்பக்கம் மட்டும் உப்பிப்போய், ஓரம் பிளந்து, உள்ளேயிருந்து மரத்தூள் உதிரும். கடையில் இதைப் பார்ட்டிகிள் போர்டு என்பார்கள். தச்சர்கள் பலர் நோவாபான் என்பார்கள். நாம் மரத்தூள் பலகை என்று வைத்துக்கொள்வோம்.

அப்படி ஒன்று கிடைத்தால், குப்பைக்குப் போவதற்குள் ஒரு ஸ்கேலை எடுத்து வாருங்கள். முதலில் நனையாத மேல் பகுதியின் கனத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் இருக்கும். பிறகு உப்பிய கீழ்ப்பகுதியை அளங்கள். 22, 24 என்று காட்டும். இனி ஒரு டேப்பைப் பிடித்து, உப்பிய பக்கத்தின் நீளத்தையும் உப்பாத பக்கத்தின் நீளத்தையும் அளங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

தண்ணீர் பலகைக்குள் எல்லாத் திசையிலும்தானே போயிருக்கிறது? கனம் கூடியது, நீளம் ஏன் கூடவில்லை? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பலகை எதற்கு உதவாது, எதற்கு உதவும் என்ற இரண்டுக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

மரத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், அடிமரத்திலிருந்து உச்சியை நோக்கி ஓடும் மெல்லிய குழாய்களின் கூட்டம் தெரியும். ஒவ்வொரு குழாயின் சுவரும் நார்களால் ஆனது. தண்ணீர் அந்தச் சுவருக்குள் புகுந்து நார்களை ஒன்றைவிட்டு ஒன்று விலக்கும். அப்போது குழாய் தடிக்கும், ஆனால் நீளாது. பச்சை மரம் முழுதாக உலரும்போது நடப்பதும் இதே கதைதான், தலைகீழாக. நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம் வரைதான் சுருங்கும். அகலவாக்கிலோ பல மரங்கள் 5 முதல் 10 சதவீதம் சுருங்கிவிடும். மழை நாளில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வது அகலத்தில்தான். கதவு உயரத்தில் வளர்ந்து மேலே இடித்ததாக யாரும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டீர்கள்.

இனி மரத்தூள் பலகைக்கு வருவோம். பொரி உருண்டை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொரிக்குப் பதில் மரச்சீவல், வெல்லப் பாகுக்குப் பதில் பசை, கைக்குப் பதில் பிரமாண்டமான சூட்டு அழுத்தி. பலகை இப்படித்தான் பிறக்கிறது. பசை தெளித்த சீவல்களைத் தட்டில் மெத்தைபோலத் தூவுவார்கள். நடுவில் பெருஞ்சீவல், மேலும் கீழும் பொடிச்சீவல். உடைந்த ஓரத்தை உற்றுப் பார்த்தால் இந்த மூன்று அடுக்கும் தெரியும். பிறகு 180, 200 டிகிரி சூட்டில் மேலிருந்து நசுக்குவார்கள். ஒரு கன மீட்டருக்கு 400, 450 கிலோ எடையுள்ள மென்மரத்தின் சீவல்கூட, பலகையாகி வரும்போது 650 கிலோவாகிவிடும். அந்த அளவுக்கு உள்ளே நசுங்கியிருக்கிறது.

தூவிய சீவல் எப்படி விழும்? படுத்துத்தான் விழும்; எழுந்து நிற்காது. படுத்தபடியே ஒன்று கிழக்கே நீட்டியிருக்கும், பக்கத்தில் இருப்பது வடக்கே நீட்டியிருக்கும். தண்ணீர் பட்டதும் முதல் சீவல் வடக்குப் பக்கமாகத் தடிக்கப் பார்க்கும். ஆனால் அதே திசையில் நீளமாகப் படுத்திருக்கும் பக்கத்துச் சீவல் நீளாது. ஆகவே அது முன்னதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கான சீவல்கள் ஒன்றையொன்று கட்டிப்போடுவதால் பலகை நீளத்திலும் அகலத்திலும் அதிகம் அசைவதில்லை. கனத்தின் திசையில் மட்டும் பிடித்துவைக்க ஆளில்லை, அங்கே நிமிர்ந்து நிற்கும் சீவல் ஒன்றுகூட இல்லையே! அதோடு, தொழிற்சாலையில் நசுக்கப்பட்ட சீவல்கள் தண்ணீர் பட்டு இளகியதும் தங்கள் பழைய கனத்துக்குத் திரும்பப் பார்க்கும். பசையின் பிடி விட்டுப்போகும். மறுபடி வெயிலில் காயவைத்தாலும் 24 மில்லிமீட்டர் 18-க்குத் திரும்பி வராது. நசுக்கிய இயந்திரம் நம் வீட்டில் இல்லையே.

இந்தப் பலகையை யோசித்துக் கண்டவர்களில் முக்கியமானவர் மக்ஸ் ஹிம்மல்ஹேபர் என்ற ஜெர்மானியர். மரம் அறுக்கும் ஆலைகளில் பட்டையும் சீவலும் தூளும் மலைபோலக் குவிந்து வீணாவது அவரை உறுத்தியது. வெட்டிய மரத்தில் பாதிகூடப் பலகையாகவில்லை என்றால் அது மரத்துக்குச் செய்யும் அநியாயம் அல்லவா? 1930-களில் அவர் இந்த முறையை உருவாக்கினார். 1941-ல் ஜெர்மனியின் பிரேமன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் முதல் பலகைகள் விற்பனைக்காக வெளிவந்தன. அதில் ஊற்றிய பசை பீனால் வகையைச் சேர்ந்தது. தண்ணீரைத் தாங்கும் பசை அது. இன்று படகுக்கு வாங்கும் மரைன் பிளைவுட்டை ஒட்டுவதும் அதே வகைப் பசைதான். பிற்பாடு வீட்டுச் சாமான்கள் மலிவாக வேண்டும் என்று வந்தபோது, யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற விலை குறைந்த பசை அந்த இடத்தைப் பிடித்தது. அது சீக்கிரம் இறுகும், நிறம் தெரியாது. ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் மலிவு மேசைகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

இப்போது இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கிழக்கே வங்கக்கடல், மேற்கே பழவேற்காடு ஏரி. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று புயலும் பெருமழையும் மாறி மாறி வந்துபோகும் கரை. ஈரமும் சூடும் இரண்டுமே இங்கே தாராளம். இதோடு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: உப்பு.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. பெரிய மேசைப்பலகை ஒன்று அரை லிட்டர் கடல்நீரைக் குடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. 17 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி, உள்ளேயே தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசை பிடித்தது. 33 சதவீத ஈரப்பதமே அதற்குப் போதும். அடுப்படியில் கல் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது இதனால்தான். கடல்நீர் குடித்த பலகையும் ஒவ்வொரு இரவும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், பகலில் கொஞ்சம் விடும், மறுபடி வாங்கும். அதில் முடுக்கியிருக்கும் ஸ்க்ரூ துருப்பிடிக்கும். எஞ்சின் போல்ட்டுகளுக்கு அப்பா கிரீஸ் தடவுவதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்று தண்ணீர்ச் சோதனை

இந்தச் சோதனையைச் செய்ய பெரிய நகரத்துப் பள்ளிக்கூடங்களைவிட உங்களுக்கு வசதி அதிகம். குடிநீர், ஏரித் தண்ணீர், கடல்நீர் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. தச்சர் ஒருவரிடம் கேட்டு, பழைய பலகையின் நனையாத பகுதியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் சதுரமாக நான்கு துண்டுகள் அறுத்து வாங்குங்கள். ஒவ்வொன்றின் கனத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்; பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று துண்டுகளை மூன்று தண்ணீரிலும் போடுங்கள். நான்காவது துண்டின் ஓரங்களில் மெழுகுவத்தியை உருக்கித் தடவி, குடிநீரில் போடுங்கள். மெழுகு உருக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். துண்டுகள் முதலில் மிதக்கும், அதனால் மேலே கல் வைத்து அமுக்குங்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவையும், ஒரு முழு நாள் கழித்து ஒரு தடவையும் கனத்தை அளங்கள். பலகைகளைச் சோதிப்பதற்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2380-லும் இப்படித் தண்ணீரில் ஊறவைத்து வீக்கத்தை அளக்கும் முறை உண்டு. மெழுகு தடவிய துண்டுக்கும் தடவாததற்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு மணி நேர அளவில் பாருங்கள். தண்ணீர் பெரும்பாலும் ஓரங்கள் வழியாகத்தான் நுழைகிறது என்பது அதில் புரியும்.

சோதனை இத்தோடு முடியவில்லை. நான்கு துண்டுகளையும் ஒரு வாரம் நன்றாகக் காயவைத்து, பிறகு திண்ணையில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். கடல்நீரில் ஊறியது கையில் பிசுபிசுக்கும். ஏரித் தண்ணீரில் ஊறியது எப்படி இருக்கும் என்பது நீங்கள் சோதனை செய்யும் மாதத்தைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும்போது ஏரியின் உப்பு இறங்கும். கோடையில், அதுவும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால், உப்பு ஏறிவிடும். ஆகவே தேதியைக் குறிக்க மறக்காதீர்கள். தை மாதம் ஒரு முறையும் வைகாசியில் ஒரு முறையும் செய்தால் ஏரியைப் பற்றியே உங்களுக்கு ஒரு செய்தி கிடைக்கும்.

அடுப்புக்கு வேண்டாம்

இந்தப் பலகை எதற்கு உதவும் என்று பார்ப்பதற்கு முன்னால், எதற்கு உதவாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பலகையை அடுப்பில் வைத்து எரிக்காதீர்கள். மீனுக்குப் புகைபோடவும் கூடாது. யூரியா ஃபார்மால்டிஹைடு பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வெளிவரும். 2018-ல் கேரளாவில் மீன் லாரிகளைப் பிடித்துச் சோதித்தபோது பேச்சு அடிபட்டதே ஃபார்மலின், அது இந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்ததுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. கருவாடு காயவைக்கும் தட்டாகவோ மீன் வெட்டும் பலகையாகவோ மரத்தூள் பலகையைப் பயன்படுத்தாதீர்கள். பெரியவர்கள் இதை அறுக்கும்போது தூள் மூக்கில் போகாமல் முகக்கவசம் போட வேண்டும். அறுப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வீட்டுக்குள் வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் நடக்கட்டும்.

படகு வேலைக்கும் இது ஆகாது. முதலில் மிதக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ஊறிய பிறகு முழுகிவிடும், அதற்கும் முன்பே உதிர்ந்துவிடும்.

அப்படியானால் எங்கே வைப்பது? நீளம் ஏன் கூடவில்லை என்ற கேள்வியை மறுபடி எடுங்கள். நனைந்தபோதுகூட நீளத்திலும் அகலத்திலும் அசையாத பலகை, நனையாமல் இருந்தால் எவ்வளவு ஒழுங்காக இருக்கும்! நாட்டு மரப்பலகை ஈரத்துக்கும் வெயிலுக்கும் வளையும், முறுக்கும். சேமித்து வைத்த மரத்தூள் பலகையின் நடுப்பகுதி, சுமை ஏற்றாமல் படுக்கையாக வைத்திருந்தால், கண்ணாடிபோலத் தட்டையாக இருக்கும். அமுக்கினால் தாங்கும், வளைத்தால் ஒடியும். சீவல்களின் நீளம் சிறிதாக இருப்பதால் வளைவை இழுத்துப் பிடிக்க நீண்ட நார் எதுவும் உள்ளே இல்லை. ஆகவே தட்டையாக, கீழே முழுத் தாங்கலோடு, காய்ந்த இடத்தில் இருக்கும் வேலை எதுவோ அதுதான் இதற்கேற்ற வேலை. படகு பழுதுபார்க்கும் கொட்டகையில் அப்படிப்பட்ட வேலைகள் நிறையவே இருக்கின்றன.

முதல் வேலை, துளை போடும்போது அடியில் வைப்பது. நல்ல பிளைவுட்டில் டிரில் மிஷினால் துளை போடுகிறார்கள். மேல்பக்கம் அழகாக விழும் துளை, அடிப்பக்கம் வெளியே வரும் இடத்தில் பிசிறு பிசிறாகக் கிழிந்துவிடும். காரணம், கடைசி அடுக்கு நார்களுக்குப் பின்னால் வெறும் காற்றுதான் இருக்கிறது. டிரில் முனை அவற்றை வெட்டுவதற்கு முன்பே தள்ளி ஒடித்துவிடுகிறது. அடியில் பழைய பலகைத் துண்டு ஒன்றை இறுக்கமாகச் சேர்த்துப் பிடித்தால், தள்ளப்பட்ட நார் போவதற்கு இடமில்லாமல் அங்கேயே வெட்டுப்படும். பலகைத் துண்டு ஓட்டையாகிவிடும். அது நமக்கு நஷ்டமில்லை. ஒரு சங்கதி: காய்ந்த பசை கடினமானது, டிரில் முனையை மழுக்கிவிடும். அதனால் ஆழமாகப் போகவிடாமல், துளை மறுபக்கம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, மாதிரி வெட்டுவது. சுக்கான் பலகை உடைந்துபோனால், விலை அதிகமான மரைன் பிளைவுட்டில் நேராகக் கோடு போட்டு அறுப்பது ஆபத்து. முதலில் பழைய பலகையில் அந்த வடிவத்தை வெட்டி, படகில் பொருத்திப் பார்த்து, தேய்க்க வேண்டிய இடத்தைத் தேய்த்து, சரியானதும் அதை நல்ல பலகைமேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையலாம். மாதிரியின் மேல் படகின் பெயரும் தேதியும் எழுதிக் கொட்டகைச் சுவரில் மாட்டிவைத்தால், இரண்டு வருடம் கழித்தும் அளவு மாறாமல் இருக்கும். ஈரம் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

வலை வேலைக்கும் ஒன்று செய்யலாம். கயிற்றில் மிதவையும் ஈயக்குண்டும் சம இடைவெளியில் கட்ட வேண்டும். ஒரு நீளப் பலகையில் வேண்டிய இடைவெளிக்கு ஆணிகளை அடித்து, கயிற்றை அதன்மேல் நீட்டிவைத்துக் கட்டினால் ஒவ்வொரு தடவையும் சாண் போட்டு அளக்க வேண்டாம். ஆணியைப் பலகையின் முகத்தில் அடியுங்கள், ஓரத்தில் அடிக்காதீர்கள். ஓரத்தில் அடித்தால் அடுக்குகள் பிளந்துகொள்ளும். ஸ்க்ரூ போடுவதானால் முதலில் அதைவிடச் சிறிய துளை போட்டுக்கொள்ள வேண்டும். பழைய துளையில் மறுபடி முடுக்கினால் பிடிக்காது. அங்கே போல்ட்டை மறுபக்கம் வரை விட்டு, பெரிய வாஷர் வைத்து நட்டை இறுக்குவதே நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த வேலையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இன்று குப்பங்களின் கரையில் நிற்கும் படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். அவற்றின் பழுதுக்குச் சில சமயம் தட்டையான ஃபைபர் தகடு தேவைப்படும்: பெட்டிக்கு மூடி, எஞ்சின் பக்கத்துக்கு மறைப்பு. கண்ணாடி இழைப் பாயைப் பரப்பி அதன்மேல் ரெசின் என்ற திரவப் பிசினை ஊற்றித் தடவினால் தகடு உருவாகும். ஆனால் எதன்மேல் பரப்புவது? சிமெண்டுத் தரையில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. வெறும் மரத்தில் பரப்பினால் மரம் ரெசினைக் குடித்துவிடும், பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும்.

இங்கேதான் பழைய மேசையின் மேற்பரப்பு வருகிறது. தேக்குக் கோடு அச்சடித்த அந்தப் பளபளப்பு வெறும் காகிதம் அல்ல. மெலமின் ரெசினில் தோய்த்து, சூட்டில் அழுத்தி இறுக்கிய காகிதம். அதில் ரெசின் புகுவதற்கு நுண்துளை இல்லை. உப்பிய பகுதியை அறுத்து நீக்கிவிட்டு, கீறல் இல்லாத நடுப்பகுதியை எடுத்து, துடைத்து, மெழுகு பாலிஷை இரண்டு மூன்று தடவை தேய்த்து மெருகேற்றினால் அச்சு தயார். அதன்மேல் பெரியவர்கள் ரெசினும் இழையும் அடுக்கு அடுக்காகப் போடுவார்கள். ரெசினும் அதை இறுகவைக்கக் கலக்கும் கேட்டலிஸ்டும் தோலுக்கும் கண்ணுக்கும் கெடுதல், நெடியும் கடுமை. நீங்கள் எட்ட நின்று, காற்று வரும் பக்கமாகப் பாருங்கள். இறுகும்போது ரெசின் தானாகவே சூடாகும். வெளியிலிருந்து யாரும் தீ மூட்டவில்லை. சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட வலையாகும்போது வெளிவரும் சூடு அது.

ஆறி இறுகிய பிறகு ஓரத்தில் மரஆப்பு ஒன்றைச் செருகி மெதுவாகத் தூக்கினால் தகடு கழன்று வரும். பலகையைத் தொட்டிருந்த பக்கம், மேசை எவ்வளவு வழவழப்போ அவ்வளவு வழவழப்பாக இருக்கும். மேசையில் யாரோ பேனாவால் அழுத்திக் கீறிய கோடு இருந்தால் அதுவும் மேடாக அப்படியே பதிந்திருக்கும். பலகையைத் துடைத்து மறுபடி மெழுகு போட்டால் அடுத்த தகட்டுக்கு ஆயத்தம்.